எஸ். அழகையாவுக்குப் பாராட்டு விழா

போன கிழமை அழகையா வீட்டில் கேக் வெட்டியதோடு கதையை நிறுத்தியிருந்தோம். கேக் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அவருடைய பெருமைதான் இன்னும் தீர்ந்தபாடில்லை.

எப்படித் தீரும்? வத்தேகமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரி எஞ்சினோடு முப்பத்தொரு வருசம் மல்லுக்கட்டிய மனிதர். பெற்றது இரண்டு. இரண்டும் பொறியியலாளர்கள். மூத்தவள் சுகிர்தா, கண்டியில் நீர்வழங்கல் அலுவலகத்தில். இளையவன் சுரேஸ், பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர். உலகத்து ஆராய்ச்சியாளர்களில் முதல் இரண்டு சதவீதம் யார் யார் என்று வெளிநாட்டில் ஒரு பட்டியல் போடுகிறார்கள். இந்த வருசப் பட்டியலில் 'எஸ். அழகையா' என்று ஒரு வரி இருந்தது.

"சுரேஸுன்னா போட்டிருக்கு? அழகையான்னுல்ல போட்டிருக்கு!" என்று அந்தப் பக்கத்தை அச்செடுத்து, லெமினேட் பண்ணி, வத்தேகமைச் சந்தையில் கருவாட்டுக் கடை வரைக்கும் காட்டிவிட்டு வந்தார் மனுசன். மருமகள் சர்மிளாதான் "மாமா, மீன் வாடை அடிக்குது" என்று பிடுங்கி வைத்தாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்குப் பீடத்தில் பாராட்டு விழா. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்திக்குத் திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்திருந்தது.

அதே பீடத்தில் பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க சுகிர்தா விண்ணப்பித்திருந்தாள். நாற்பத்தொரு வயதில். புருசன் இளங்கோவுக்கு மட்டும்தான் தெரியும். கிடைத்தபிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். கிடைத்ததோ இப்படி ஒரு பதில்: 'நீங்கள் இணைத்துள்ள முதன்மைக் கட்டுரை வேறோர் ஆய்வாளரின் பெயரில் பதிவாகியிருப்பதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவும்.' கீழே அனுமதிக் குழுத் தலைவர், பேராசிரியர் இராசமணி என்று கையொப்பம்.

தன் கட்டுரை இன்னொருவர் பெயரிலா? மூன்று இரவாகப் புரண்டு புரண்டு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. திருடி என்று கடிதம் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த ஆத்திரமும் அவமானமும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றன.

காலை ஒன்பதரைக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான் பிரணவன் கதைக்கிறன். சுரேஸ் சேரின்ர டிப்பார்ட்மென்ட்."

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. போன வருசம் சேர்ந்த உதவி விரிவுரையாளர். சுரேஸின் வீட்டில் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

"சொல்லுங்க தம்பி."

"பின்னேர விழாவுக்கு ஸ்லைட் செய்யிற வேலை என்ர தலையில விழுந்திட்டுது. சேரின்ர முக்கியமான அஞ்சு கட்டுரையைப் பற்றியும் ரெண்டு ரெண்டு வரி போடோணும். நாலு கட்டுரை கொங்கிறீட்டுக் கட்டடம் பற்றினது. அது சேரின்ர பாடம்தானே, பிரச்சினை இல்லை. ஆனா முதலாவது ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மண்சரிவைப் பற்றினது. சேர் எப்ப அக்கா மண்சரிவில வேலை செய்தவர்?"

சுகிர்தா கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தாள்.

"கட்டுரையின்ர அடியில ஒரு ஈமெயில் கிடக்கு. சுகிர்தா எண்டு தொடங்குது. அதுதான் உங்களிட்டயே கேப்பம் எண்டு..."

"தம்பி, அந்தக் கட்டுரைய எத்தனை பேர் எடுத்துக்காட்டி எழுதியிருக்காங்க?"

"தொளாயிரத்துச் சொச்சம். சேரின்ர மற்றக் கட்டுரை எல்லாத்தையும் கூட்டினாலும் முந்நூறு தாண்டாது அக்கா."

"சேர்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"ஐயோ அக்கா, நான் இன்னும் வேலையில நிரந்தரமாகேல்லை!"

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டுரையில என்னா இருக்கோ அத அப்படியே போடுங்க தம்பி. உங்கமேல ஒரு குத்தமும் வராது" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? பிறந்த பெயர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று. வெள்ளைக்காரன் கடைசிப் பெயரைக் கேட்டால் அப்பாவைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அக்காவும் தம்பியும் அப்படித்தான் கொடுத்தார்கள். அவளும் எஸ். அழகையா, அவனும் எஸ். அழகையா. அவள் முதுமாணி படித்ததும் அவன் படிப்பிப்பதும் ஒரே பீடம், ஒரே பிரிவு. எங்கோ இருக்கிற கணினிக்கு இவள் தாவணி கட்டியவளா அவன் மீசை வைத்தவனா என்று தெரியவா போகிறது? இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, கட்டுரைகளை ஒரே கணக்கில் சேர்த்து, உலகப் பட்டியலில் தூக்கி வைத்துவிட்டது. பிரிவில் இருந்தவன் சுரேஸ். மாலை அவன் கழுத்தைத் தேடிப் போனது.

பாராட்டுகிறவர்கள் யாராவது கட்டுரையைப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தப் பாவப்பட்ட வேலையை ஸ்லைட் செய்கிற பிரணவன் மட்டும்தான் செய்திருந்தான்.

சுகிர்தா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். கோப்பை எடுத்தாள், வைத்தாள். மகியாவையில் குழாய் உடைந்து இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்று ஒருத்தர் போனில் கத்தினார். "சரி சரி" என்றாளே தவிர வீட்டு இலக்கத்தை எழுத மறந்துபோனாள். பக்கத்து மேசை டிலானி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு விழா, அக்காவுக்கு ஏன் காய்ச்சல்?" என்று சிங்களத்தில் கேலி செய்தாள். சுகிர்தாவால் சிரிக்க முடியவில்லை.

பதினான்கு மாசம்! பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், ஹுன்னஸ்கிரியச் சரிவுகளில் குழாய்களை மண்ணுக்குள் இறக்கி, மழைக்குப் பிறகு உள்ளே தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்த பதினான்கு மாசம். காலில் அட்டை, தலையில் மழை. மேற்பார்வை செய்த பேராசிரியர் கட்டுரையைப் படித்துவிட்டு, "இது முழுக்க உன் உழைப்பு. உன் பெயரை மட்டும் போடு" என்றார். அவர் ஓய்வுபெற்று அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். கட்டுரை வெளிவந்த மாசம் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள்; கடைசிவரை எழும்பவேயில்லை. கனடாவில் மேல்படிப்புக்குக் கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிப்போட்டாள் சுகிர்தா. சுரேஸ் அப்போது ஜப்பானில் படித்துக்கொண்டிருந்தான். "நீ படிடா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னதும் அவள்தான். அதை நினைத்து அவள் ஒருநாளும் அழுததில்லை. இன்றைக்குக் காலையில் அழுகை வந்தது.

அவனுக்குத் தெரியுமா? அதுதான் அவளைக் குடைந்தது. தெரியாவிட்டால் பரவாயில்லை, கணினியின் பிழை, சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். தெரிந்திருந்தால்?

பன்னிரண்டரைக்குக் கார் வந்து நின்றது. தையல்காரரிடம் கோட்டை வாங்கிக்கொண்டு, அக்காவையும் அப்பாவையும் ஏற்றிப்போக சுரேஸே வந்திருந்தான். பிலிமத்தலாவையில் அவன் வீடு. சர்மிளா அங்கிருந்து நேரே விழாவுக்கு வருவதாக ஏற்பாடு.

"ஏறுங்கக்கா. அப்பா மணிக்கூட்டுக் கோபுரத்தடியில பஸ்ஸ விட்டு எறங்கிட்டாராம். மூணு தடவ போன் அடிச்சிட்டாரு."

கார் நாலடி நகர்ந்தது. நின்றது. மழை பிடித்துக்கொண்டது. கண்டித் தெருவில் மழையும் மத்தியானமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா, முன்னால் ஒரு லொறி, பின்னால் பத்து ஹோர்ன்.

"சுரேஸ், அந்த மண்சரிவுக் கட்டுரை உன் கணக்குல சேந்திருக்கு."

அவன் வைப்பரைப் போட்டான். மழைக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வைப்பர் நின்றுபோனது. திரும்பப் போட்டான்.

"யாரு சொன்னா?"

யார் சொன்னார் என்றுதான் கேட்டான். அப்படியா என்று கேட்கவில்லை. அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"மூணு கெழமையா." குரல் இறங்கியிருந்தது. "அக்கா, சத்தியமா நான் வேணுமின்னு செய்யல. பட்டியல் வந்தப்ப எனக்கும் தெரியாது. எல்லாரும் வந்து கையக் குடுத்தாங்க. பீடாதிபதி என்னயக் கட்டிப்பிடிச்சிட்டாரு. ராத்திரி ஒக்காந்து பாத்தாத்தான் தெரியுது."

"தெரிஞ்சதும் ஒரு கடுதாசி எழுதிப் போட்டிருந்தா பிரிச்சிருப்பாங்கல்ல?"

"பிரிச்சா நான் பட்டியல்ல இல்ல."

"இல்லாட்டி என்னா?"

"பேராசிரியர் பதவி விண்ணப்பம் நாளைக்கு முடியுதுக்கா! பட்டியலயும் சேத்து எழுதிட்டேன். நம்ம தோட்டத்து ஆளுங்கள்ல எத்தன பேரு அந்தக் கதிரையில ஒக்காந்திருக்காங்க, சொல்லுங்க பாப்போம்? இப்பப் போயி அது நான் இல்லன்னு சொன்னா, இவ்வளவு நாளும் என்னா செஞ்சேன்னு கேப்பாங்க. மானம் போயிரும்."

"ஒன் மானம் போயிரும். சரி. என்னுது?"

"ஒங்களுக்கு என்னாக்கா கொறஞ்சிரப் போவுது? நீங்கதான் ஆராய்ச்சியவே விட்டுட்டீங்களே."

அவளுக்குச் சுருக்கென்றது. விட்டுவிட்டாளாம்! வாய் வரைக்கும் வந்துவிட்டது: டேய், நாளைக்குப் பத்து மணிக்கு நான் திருடியாட்டம் போயி நிக்கணும்டா. உன் கணக்கில் கிடக்கிற என் கட்டுரையை எனதென்று நிரூபிக்கணும்டா.

"சுரேஸ், ஒனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு..."

டொக் டொக் என்று கண்ணாடியில் தட்டல். அழகையா! மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கப் பொறுக்காமல், குடையைப் பிடித்துக்கொண்டு காரைத் தேடி நடந்தே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"ஒங்க காரு ஊருதேப்பா! நான் நடந்தே யுனிவர்சிட்டிக்குப் போயிருவேன் போல!" பின் கதவைத் திறந்து ஏறினார். "என்னா, அக்காளும் தம்பியும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கீங்க? இன்னைக்கு நல்ல நாளும் அதுவுமா?"

"ஒண்ணுமில்லப்பா. மழை" என்றாள் சுகிர்தா.

கெட்டம்பை வரைக்கும் அழகையா மட்டுமே பேசினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பித்தளை விளக்கு, பின்னால் பெரிய திரை, அதில் 'எஸ். அழகையா' என்று ஆங்கிலத்தில். அப்பா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்ததைப் பார்த்து சுகிர்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதரிடமிருந்து இன்றைக்கு இதைப் பிடுங்குவதா? விட்டுவிடலாமா? விட்டால் நாளைக்குக் கடிதத்தோடு என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது? கதிரையில் அவளால் ஒருநிலையில் உட்கார முடியவில்லை. "மதினி, ஏசி கூடிப்போச்சா?" என்று பக்கத்திலிருந்து கேட்டாள் சர்மிளா. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பீடாதிபதி பேசினார். இன்னொருவர் பேசினார். எல்லாம் ஆங்கிலம். பொன்னாடை விழுந்தது, கைதட்டல் எழுந்தது. பிரணவன் செய்த ஸ்லைட்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. முதலாவதிலேயே ஹுன்னஸ்கிரியச் சரிவின் படம்; அதன் கீழே கட்டுரையின் பெயர்.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். நரைத்த கொண்டை, பருத்திச் சேலை. "பேராசிரியர் இராசமணி, கொழும்பிலிருந்து" என்று பீடாதிபதி அறிமுகப்படுத்தினார். அந்தப் பெயரைக் கேட்டதும் சுகிர்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடிதத்தில் கையொப்பம் வைத்தவர்!

"எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை இது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் அவர். "ஒரே ஒரு கேள்வி. எல்லோரும் ஒருநாள் மழையை வைத்து எச்சரிக்கை கொடுத்த காலத்தில், நீங்கள் மூன்று நாள் மழையை எடுத்தீர்கள். அந்த யோசனை எப்படி வந்தது?"

சுரேஸ் ஒலிவாங்கியைச் சரிசெய்தான். தண்ணீர் குடித்தான். "அது... மாதிரியாக்கத்தின்போது..." என்றான். நின்றான். மண்டபம் காத்திருந்தது. அவன் கண் கூட்டத்தில் அலைந்து அக்காவில் வந்து நின்றது. சின்ன வயசில் பெருக்கல் வாய்ப்பாடு மறந்துபோகும்போது பார்க்கிற அதே பார்வை. அவளுக்கு அந்த நிமிசத்திலும் இரக்கம் வந்தது.

"என் அக்கா இங்கே இருக்கிறார்" என்றான் சுரேஸ், சிரித்துக்கொண்டு. "களவேலையில் அவர் எனக்கு உதவியாக இருந்தார். அவரே சொன்னால் நன்றாக இருக்கும்."

உதவியாக!

வந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை. கைதட்டினார்கள். சர்மிளா தோளைத் தொட்டு எழுப்பினாள். சுகிர்தா எழுந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"லயத்துப் பொம்பளைங்க சொன்னாங்க" என்று ஆங்கிலத்தில்தான் சொன்னாள். முதல்நாள் மழையில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற மண்சுவர் வெறுமனே நனையும். மூன்றாம் நாள்தான் அடியிலிருந்து தண்ணீர் கசியும், அன்றைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலில் போய்ப் படுப்போம் என்று அவர்கள் சொன்னார்களாம். நம்பாமல் குழாய் இறக்கி அளந்து பார்த்தால், பதினோரு இடத்தில் ஒன்பதில் உள்தண்ணீர் உச்சிக்கு வந்தது மூன்றாம் நாள். மேல்மண் தடிப்பு, அடியில் தண்ணீர் இறங்காத களி, அதனால் தாமதம். நாலே நிமிசம். இராசமணி அம்மா உட்காராமல் நின்றபடியே கேட்டார். முடிந்தபோது மண்டபம் தட்டிய கைதட்டு, பொன்னாடைக்குத் தட்டியதைவிடக் கூட.

விழா முடிந்து பக்கத்து அறையில் தேநீர். கட்லட், பட்டிஸ், பிளேன்டீ. சுரேஸைச் சுற்றி ஆட்கள்; கழுத்தில் பொன்னாடையோடு கை குலுக்கிக்கொண்டிருந்தான். சுகிர்தா அப்பாவுக்குத் தட்டில் பட்டிஸ் எடுத்துக் கொடுத்தாள்.

"ஏ புள்ள, ஒன்னயப் பத்தி என்னமோ சொன்னான், எல்லாரும் கைதட்டுனாங்க. நீயும் பேசுன. எனக்கு இங்கிலீசு ஓடுற ஓட்டத்துல ஒண்ணும் பிடிபடல. என்னா சொன்னான்?"

மாற்றிச் சொல்லலாம். அக்காவைப் புகழ்ந்தான் அப்பா என்று சொன்னால் கிழவர் சந்தோசமாகப் பட்டிஸைத் தின்பார். விசயம் அதோடு முடிந்துபோகும். அவள் மூச்சை இழுத்துவிட்டாள்.

"அந்த ஹுன்னஸ்கிரிய வேலையில நான் அவனுக்கு உதவி செஞ்சேன்னு சொன்னான்ப்பா."

"எந்த ஹுன்னஸ்கிரிய வேல?"

"குழாய் இறக்குனோமே. அதுதான்."

அழகையா தட்டை மேசையில் வைத்தார். முப்பத்தொரு வருசம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

"ஒதவியா? நீயா அவனுக்கா? ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அந்தக் கொழாயத் தூக்கிக்கிட்டு ஒங்கூட மல ஏறுனது நானு! அட்ட கடிச்சி ரெண்டு காலும் வீங்கிப்போயி லீவு போட்டது நானு! அந்தப் பய அப்ப ஜப்பான்லல்ல இருந்தான்?"

அறையில் பாதிப்பேர் சிங்களவர்கள். ஆனால் ஜப்பான் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையா? யாரோ கோப்பையை வைக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. சுரேஸின் முகத்தில் இரத்தமே இல்லை.

இரண்டு கதிரை தள்ளி நின்ற இராசமணி அம்மா திரும்பினார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அழகையா சொன்னதில் ஒரு எழுத்தும் அவருக்குத் தப்பியிருக்காது. சுகிர்தாவிடம் வந்தார்.

"பிள்ளை, உம்மட பேர் என்ன?"

"சுகிர்தா, மேடம். சுகிர்தா அழகையா."

"நாளைக்குப் பத்து மணிக்கு என்னட்ட வரவேண்டிய ஆள் நீரோ?"

"ஆமா மேடம்."

"என்னா பத்து மணி? எங்க போற?" என்று அப்பா அவள் கையைப் பிடித்தார். சுரேஸும் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் எதுவோ உறைத்தது. காரில் அவள் சொல்லவந்து நிறுத்தியது இதுதானா என்பதுபோல முகம் விகாரப்பட்டது. வேண்டாம் அக்கா என்று தலையை மெதுவாக அசைத்தான். கண்ணில் நீர்.

"நான் நேரா ஒரு கேள்வி கேக்கிறன்" என்றார் இராசமணி அம்மா. "அந்தக் கட்டுரை ஆர் எழுதினது?"

தம்பிதான். மடியில் வைத்துச் சோறூட்டிய தம்பி. பக்கத்தில் சர்மிளா, கையில் கேக்குத் தட்டோடு. எல்லோரையும் பார்த்தாள் சுகிர்தா. அப்புறம் யாரையும் பார்க்கவில்லை.

"நான்தான் எழுதினேன் மேடம். தனியா."

சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு முதல்தடவையாக முழு மூச்சு விட்டது போலிருந்தது.

இராசமணி அம்மா சுரேஸ் பக்கம் திரும்பினார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப நாளைக்கு நீர் தனிய வரவேண்டாம் பிள்ளை" என்றார். "தம்பியையும் கூட்டிக்கொண்டு வாரும். அவர் வாறதும் வராததும் அவற்ற விருப்பம். ஆனா வராட்டி, அவரைப் பற்றி நான் எழுத வேண்டிய கடிதத்தில அதையும் எழுதுவன்."

சுரேஸ் பொன்னாடையைக் கழற்றிச் சர்மிளாவின் கையில் திணித்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் அப்பாவிடம் மட்டும் சொன்னான்.

"வாங்கப்பா, போவோம். வத்தேகமையில விட்டுட்டுப் போறேன். மழை விடாது."

கார்ச் சாவி அவன் கையில் கிலுகிலுத்தது. அழகையா மகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பட்டியலையும் பதவியையும் பற்றி அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ போப்பா" என்றார், வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவான குரலில். "நான் அக்காகூட பஸ்ஸுல வர்றேன்."